பூநாரையைப் பறக்கவிட்டுப் படம் பிடிக்காதீர்கள்

எங்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் சுற்றுலா என்றாலே முதுமலை, தேக்கடி என்று பஸ் பேசுகிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி அது. தமிழகப் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 1980-இல். பக்கத்தில் ஷிப்டு பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தெரிந்து வருகிறவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. தை மாதம் அண்ணாமலைச்சேரி கரையில் நின்றிருந்தேன். முழங்காலளவு நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்துச் சேற்றை அலசி மேய்ந்துகொண்டிருந்தன. காரில் வந்த பையன்கள் டிரோனைக் கிளப்பினார்கள். கேட்டதற்கு, "பறந்தாதாண்ணா ரெக்கை செவப்பு தெரியும், வீடியோ நல்லா வரும்" என்றான் ஒருவன். கூட்டம் மொத்தமும் எழும்பிப் போய்விட்டது.

அலகில் சேற்றுநீரை வடிகட்டி, அதிலுள்ள சிற்றுயிர்களைத் தின்று வயிறு வளர்க்கிற பறவை அது. நாள் முழுக்க மேய்ந்தால்தான் உண்டு. முட்டையிட கட்ச் உப்புச் சதுப்பு வரை பறக்க வேண்டிய உடம்பை ஒரு வீடியோவுக்காக ஏன் அலைக்கழிக்கிறீர்கள்? சரணாலயத்தில் விலங்கு, பறவைகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே தடுக்கிறது. கரையிலோ பிரியாணிப் பொட்டலமும் பாட்டிலும்.

வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "நாங்க தெனம் பக்கத்துலயே வலை உடுறோம் சார், அது பாட்டுக்கு மேயும். இவனுங்க வந்தா ஒண்ணு கூட நிக்காது."

ஏரியின் முகத்துவாரத்தில் மண் மேடிட்டு, கடல்நீர் வரத்து குறைந்து, இறாலும் நண்டும் அருகிப்போய்த் தவிக்கிறவர்கள் இந்த மீனவ மக்கள். 2011 டிசம்பரில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு சுற்றுலாப் படகுக்கும் தடை வந்தது; அது நியாயமான தடை. ஆனால் கரையில் நின்று பறவையைக் காட்டவும் டிரோனைத் தடுக்கவும் இவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? ஏரியின் ஆந்திரப் பக்கம், சூளூர்ப்பேட்டையில் பூநாரைக்குத் திருவிழாவே எடுக்கிறார்கள். இங்கே வண்டிக்கு ஐம்பது ரூபாய் வாங்கி இந்தக் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளமாகக் கொடுக்கலாமே. நான் தரத் தயார். யாரிடம் தருவது என்று விசாரித்தேன். அன்று அந்தக் கரையில் பதில் சொல்ல ஓர் ஆள் இல்லை.