ஜவ்வாது மலைக்கென ஒரு தொகுதி வேண்டும்

1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் மலைவாழ் மக்கள் மீது நடத்திய கொடுமைகளை அன்றைய அரசு ஒப்புக்கொள்ளவே இல்லை. சித்தேரி மலையடிவாரத்து அந்த ஊரின் கதையை வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவர் எம். அண்ணாமலை. 1977-லும் 1989-லும் அரூர் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் வென்ற அவர், அப்போது முன்னாள் எம்.எல்.ஏ. மலைவாழ் மக்கள் சங்கமும் கட்சியும் வழக்கை விடாமல் நடத்தின. 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இரண்டு முறை சட்டமன்றம் போய்வந்த அண்ணாமலையின் பொதுவாழ்வில் மிகப் பெரிய வேலை, பதவி இல்லாத காலத்தில்தான் நடந்திருக்கிறது. மலையோடும் மலை மக்களின் சங்கத்தோடும் அவருக்கு இருந்த உறவு தேர்தலோடு வந்து தேர்தலோடு போவதாக இல்லை. அதே சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான பி. டில்லிபாபு 2006-லும் 2011-லும் அதே அரூரில் வென்றார். நாளைக்குத் தோற்றாலும் மலைக்காரர்கள் தேடிப்போகக்கூடிய ஒரு 'முன்னாள்', ஒரு மலைக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு அரூர் சாட்சி.

ஜவ்வாது மலைக்கு அந்தப் பலம் வாய்க்கவில்லை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களுக்கு அந்த மலை பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது. ஜமுனாமரத்தூர் பக்கம் கலசப்பாக்கம் தொகுதியோடும், பீஞ்சமந்தைப் பக்கம் அணைக்கட்டு தொகுதியோடும் சேர்ந்திருக்கின்றன. புதூர்நாடு திருப்பத்தூர் மாவட்டத்தில் கிடக்கிறது. எங்குமே மலை ஓட்டு தொகுதியின் ஓர் ஓரம்தான். கீழ்நாட்டு ஊர்களை வைத்தே வென்றுவிடலாம் என்னும்போது, எந்தக் கட்சி மலையாளிப் பழங்குடி ஒருவரை வேட்பாளராக நிறுத்தும்? நல்ல மனம் படைத்த உறுப்பினர்கள் வந்திருக்கலாம். அவர்களின் அரசியல் எதிர்காலம் மலையில் தீர்மானிக்கப்படவில்லை என்பதுதான் பிரச்சினை.

இதற்கான விலையை மலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் பெரும்பாலானோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலை ஊர்க்காரர்களும் அவர்களில் உண்டு. சாமையும் புளியும் விற்றுக் குடும்பம் நடத்த முடியாதவர்களைத்தான் அந்தக் காட்டில் செம்மரம் வெட்ட ஏஜென்டுகள் வண்டியேற்றுகிறார்கள். 2023 மே மாதம், அணைக்கட்டு தொகுதியின் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒரு பச்சைக் குழந்தை இறந்தது. சாலை இல்லை என்று ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் அந்த உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். அதன் பிறகுதான் சாலைப் பேச்சு சூடுபிடித்தது.

காட்டுக்குள் சாலை போடச் சட்டம் தடை என்று அதிகாரிகள் சொல்வது பாதி உண்மை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2)-ன் கீழ், கிராமசபை பரிந்துரைத்தால் சாலை, பள்ளி, மருத்துவமனை போன்ற ஒவ்வொரு வசதிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்க வழி செய்கிறது. அந்த வழியைத் தெரிந்து, வனத்துறை அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்கும் ஆள் வேண்டும்.

மலைகளுக்கெனத் தமிழ்நாட்டில் பழங்குடித் தனித்தொகுதிகள் மூன்று இருந்தன. 2008 மறுவரையறையில் பச்சைமலையை உள்ளடக்கிய உப்பிலியபுரம் போனது. ஏற்காடும் சேந்தமங்கலமும் மிஞ்சின. ஏற்காட்டில் 1989, 1991, 2011 ஆகிய மூன்று தேர்தல்களில் வென்ற அ.தி.மு.க.வின் சி. பெருமாளையும், சேந்தமங்கலத்தில் 2006-லும் 2021-லும் வென்ற தி.மு.க.வின் கு. பொன்னுசாமியையும் பற்றி ஆளுக்கொரு மதிப்பீடு இருக்கலாம். ஆனால் அங்கே எந்தக் கட்சியும் பழங்குடி ஒருவரைத் தேடிப்பிடித்து நிறுத்தியே ஆக வேண்டும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 2001 கணக்கெடுப்பில் மாநில மக்களில் பழங்குடியினர் 1.04 சதவீதம், 234 இடங்களில் அவர்களின் பங்கு 2.44. ஆகவே இரண்டு தொகுதிகள். 2011-ல் அவர்கள் 7.94 லட்சம் பேர், 1.1 சதவீதம், பங்கு 2.58 ஆகிறது. முழு எண்ணாக்கினால் மூன்று. 2027 கணக்கெடுப்பில் இந்த விகிதம் குறையாமலும் மொத்த இடங்கள் இதே அளவிலும் இருந்தால், மூன்றாவது தொகுதியைக் கேட்பது சலுகை அல்ல, உரிமை. 2011 கணக்குப்படி சேலத்துக்கு அடுத்தபடி பழங்குடியினர் மிகுதியாக இருக்கும் மாவட்டம் திருவண்ணாமலை. சுமார் 91 ஆயிரம் பேர். சேந்தமங்கலம் இருக்கும் நாமக்கல்லில் 57 ஆயிரம்தான்.

ஒரு சிக்கல் உண்டு. பழங்குடி விகிதம் மிக அதிகமாக உள்ள தொகுதியைத்தான் ஒதுக்க வேண்டும் என்பது 2002 மறுவரையறைச் சட்டத்தின் விதி. மலையை மூன்றாக வெட்டி வைத்திருக்கும்வரை எந்தத் துண்டிலும் அந்த விகிதம் எழாது. மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பார்கள். அதே சட்டம் நில அமைப்பையும் போக்குவரத்து வசதியையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது; நிர்வாக எல்லை அவற்றுள் ஒன்று, அவ்வளவே. ஜமுனாமரத்தூரும் புதூர்நாடும் பீஞ்சமந்தையும் ஒரே மலை, ஒரே மக்கள். மூன்றையும் ஒரு தொகுதிக்குள் கொண்டுவந்தாலும் கீழ்நாட்டு ஊர்கள் சிலவற்றைச் சேர்த்தே ஆக வேண்டும், அவர்களே பெரும்பான்மையாகவும் இருக்கலாம். சேந்தமங்கலத்திலும் கொல்லிமலை மட்டும் இல்லையே. அதனால் அந்த ஒதுக்கீடு அர்த்தமிழந்துவிடவில்லை.

அரூரில் பழங்குடித் தனித்தொகுதி இல்லாமலே அண்ணாமலை உருவாகவில்லையா என்று கேட்கலாம். அங்கே வலுவான சங்கம் ஒன்று இருந்தது. எல்லா மலையிலும் அது அமையும் என்று காத்திருக்கச் சொல்வது நியாயம் அல்ல.

அடுத்த மறுவரையறை ஆணையத்தின் வரைவு வந்த பிறகு ஆட்சேபம் சொன்னால் மட்டும் போதாது. மூன்று மாவட்ட ஆட்சியர்களும் மலைக் கிராமங்களின் பட்டியலை இப்போதே ஒன்றாகத் தொகுத்து வைக்க வேண்டும். ஆணையத்தில் இணை உறுப்பினர்களாக அமரப்போகும் தமிழக எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் கட்சி வேறுபாடின்றி இந்தக் கோரிக்கையை முன்வைக்க வேண்டும். பொது விசாரணையை வேலூரிலோ திருவண்ணாமலையிலோ முடித்துக்கொள்ளாமல், ஜமுனாமரத்தூரிலும் ஒரு நாள் நடத்த வேண்டும்.