தட்டைச் சித்திரமும் சிரிக்கும் குளிசையும்

பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டியபோது, இலக்கணத்திலோ இலக்கியத்திலோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம் என்றே யாம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியவன் தொழில்நுட்பப் பிரிவிற் பன்னிரண்டாந் தரத்திற் பயிலும் மாணவனொருவன். கைத்தொலைபேசிக்கான செயலிகள் இரண்டை அவன் ஆக்கிக்கொண்டிருந்தான். ஒன்று, கீழ்வகுப்புச் சிறார் தமிழ்ச் சொற்களை விளையாட்டாகப் பயில்வதற்கு. மற்றையது, தன் அம்மம்மாவுக்கு வேளை தவறாமற் குளிசையை நினைவூட்டுவதற்கு. இரண்டுக்கும் ஒரேவகைச் சித்திரங்களையே தெரிந்தெடுத்திருந்தான். நிழலில்லை; மேடுபள்ளம் இல்லை; தனி நிறங்களால் நிரப்பிய தட்டையான உருவங்கள். சிறிய தலை, நீண்டு வளைந்த கைகால்கள், ஊதா நிறத் தோல். குளிசைக்குக்கூடக் கண்ணும் சிரிக்கும் வாயும் இருந்தன. “சேர், வடிவாய் இருக்குதோ?” என்று கேட்டான். வடிவாய்த்தான் இருந்தது. எனினும் ஆம் என்று கூற எமக்கு மனம் எழவில்லை. அது ஏன் என்று எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை. தமிழாசிரியனுக்குச் சித்திரத்தில் என்ன அலுவல் என வினவுவாரும் உளர். இடமறிந்து சொல்லைத் தெரிதல் எமது தொழில். இடமறிந்து படத்தைத் தெரிதலும் அதற்கு வெகுதூரமன்று.

இப்பாணி திரைகளுக்கு வந்த வரலாறு நீண்டதன்று. ஒரு காலத்தில் அப்பிள் கருவிகளின் நாட்காட்டி தைத்த தோலைப் போலவும், நூலடுக்கு மரப்பலகையைப் போலவும் தோற்றமளித்தன. மைக்ரோசொப்ற் நிறுவனம் 2010 இல் வெளியிட்ட விண்டோஸ் போன் இத்தகைய பாவனைகளை ஒதுக்கியது. அப்பிள் நிறுவனமும் 2013 இல் அவற்றைக் கைவிட்டது. புதுமை நாட்டம் மட்டும் இதற்குக் காரணமன்று. சிறிதும் பெரிதுமாகப் பலவகைத் திரைகள் பெருகிவிட்டன. புள்ளிகளையும் வளைவுகளையும் கணக்காக எழுதி வைக்கும் தட்டைப் படமோ எவ்வளவு பெருக்கினும் மங்காது. இடமும் பெரும்பாலும் குறைவாகவே கொள்ளும். பின்னர் 2017 இல், பேஸ்புக் நிறுவனத்திற்காக ‘பக்’ என்னும் வரைகலை நிலையம் ‘அலெக்ரியா’ எனும் சித்திரப் பாணியை அமைத்தது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு மகிழ்ச்சி என்பது பொருள். நீலமும் ஊதாவுமான தோலுடைய மாந்தர் எந்த இனத்தவரும் அல்லர். ஆதலின் எல்லோருக்கும் உரியவர் என்பது அதன் உட்கருத்து. அதனை ஒத்த உருவங்கள் வங்கி, காப்புறுதி, உணவு விநியோகம் என எங்கும் பரவின. அவற்றை நையாண்டி செய்வோர், 1980களில் மிலான் நகரிற் பெயர்பெற்ற மெம்பிஸ் குழுவினரை நினைந்து, ‘கோப்பரேற் மெம்பிஸ்’ எனப் பட்டஞ் சூட்டினர்.

நையாண்டி செய்தல் எளிது. ஆயின் இப்பாணி உண்மையாகவே நன்மை செய்யும் இடங்கள் உள. மொழி பயிற்றும் டுவோலிங்கோ செயலி 2012 இற் பொதுமக்களுக்கு வந்தது. அதன் பச்சை ஆந்தையை நம் மாணவர் பலரும் அறிவர். வகுப்பறையில் இருபது ஆண்டுகளாக யாம் கண்டதொன்றுண்டு. மாணவன் விடை அறியாமையால் வாய் மூடியிருப்பது குறைவு. பிழைத்தால் சிரிப்பார்களே என்ற கூச்சத்தால் மூடியிருப்பதே மிகுதி. எமது சிவப்பு மையும் அக்கூச்சத்தை வளர்த்திருக்கின்றது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவ்வாந்தையின் முன் ஆயிரம் முறை பிழைவிடலாம், ஒருவருக்கும் ஊறில்லை. பாடத்தைத் தவறவிட்டாற் கண்ணீர் விட்டு நம்மை இரங்கவைக்கும் அதன் சூழ்ச்சி வேறு கதை. தியானம் பயிற்றும் ஹெட்ஸ்பேஸ் செயலியும் இத்தகையதே. அதனை நிறுவியோருள் ஒருவர் முன்னாளிற் பௌத்த துறவியாயிருந்தவர். எனினும் தாமரையையும் தவக்கோலத்தையும் முன்னிறுத்தாது, செம்மஞ்சள் வட்டமொன்றையும் உருண்டை முகங்களையுமே அது தன் அடையாளமாக்கியது. தியானம் துறவிகளுக்கே உரியது என அஞ்சி ஒதுங்குவாரை அச்சித்திரங்கள் அருகழைக்கின்றன. அச்சம் காரணமற்றதாயும், பிழைத்தால் வரும் நட்டம் சிறிதாயும் உள்ளவிடத்து விளையாட்டுச் சித்திரம் பொருந்தும் என்பது எம் துணிபு. சொற்பயிற்சிச் செயலிக்கு அம்மாணவன் செய்த தெரிவு, ஆதலின், சரியானதே.

குளிசையின் சிரிப்புக்கு வருவோம். இங்கே பலரும் ஒன்றாக எண்ணும் இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும். தட்டை வேறு, விளையாட்டு வேறு. பேர்லினில் 1906 ஆம் ஆண்டளவில் லூசியன் பேண்ஹாட் என்பார் பிறீஸ்ரர் தீக்குச்சி நிறுவனத்துக்கு வரைந்த சுவரொட்டியில் இரண்டு தீக்குச்சிகளும் நிறுவனப் பெயருமே இருந்தன. அது தட்டை, அதிற் கேலியில்லை. வியன்னாவில் 1925 இல் அருங்காட்சியகமொன்றை நிறுவிய ஒற்றோ நொயிராத், நகரின் பிறப்பு, இறப்பு, வீட்டு வசதி முதலிய கணக்குகளைச் சாதாரண தொழிலாளரும் விளங்கத் தட்டை உருவங்களால் காட்டுவித்தார். கேட் ஆண்ற்ஸ் என்னும் ஓவியர் பின்னர் அவ்வுருவங்களுக்குச் செம்மையான வடிவு தந்தார். இறந்த குழந்தைகளின் தொகையைக் காட்டும் படத்துக்குச் சிரிக்கும் முகத்தை எவரும் இடார். தெளிவைத் தருவது தட்டைத் தன்மை. விளையாட்டைத் தருவன வளைந்த கைகால்களும் துள்ளும் நிறங்களும் முளைத்த முகங்களுமே. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்குதல் இயலும்.

விலக்க வேண்டியவிடத்து விலக்காமையால் வருங் கேட்டுக்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பங்குகளை வாங்கி விற்க உதவும் றொபின்ஹூட் செயலி, சில கொடுக்கல் வாங்கல்கள் முடிந்ததும் திரையில் வண்ணக் கடதாசித் துணுக்குகளைச் சொரிந்து கொண்டாடியது. காசைப் பணயம் வைத்தவனுக்குக் கலியாண வீட்டு வரவேற்பு! அனுபவமற்றோரை விளையாட்டுப் போல ஈர்க்கின்றது என மசாசூசெற்ஸ் மாநில அதிகாரிகள் 2020 டிசம்பரில் முறைப்பாடு செய்தனர். அடுத்த ஆண்டில் அந்நிறுவனம் அத்துணுக்குகளை நீக்கியது. கடன் தரும் செயலியொன்று எம் உறவினர் ஒருவருக்குக் காட்டிய படத்தில், துள்ளிக் குதிக்கும் ஒருவன் நாணயங்களை வானில் எறிந்துகொண்டிருந்தான். வட்டி வீதம் அப்படத்துக்குக் கீழே, கண்ணாடியின்றி வாசிக்க இயலாத எழுத்தில் இருந்தது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். இச்சித்திர மாந்தருக்கோ பெரும்பாலும் நகையும் உவகையுமே தெரியும். அச்சமும் அழுகையும் உள்ள வீட்டில் அவர்கள் என்ன பேசுவார்கள்? இரத்த அழுத்தத்திற்கான குளிசையை இருமுறை விழுங்கிவிட்டேனோ என்று கலங்கும் முதியவளுக்கு வேண்டியது சிரிப்பன்று. விழுங்கியாயிற்று அல்லது இல்லை என்னும் ஐயமற்ற விடையே.

இன்னொன்று. இப்படங்களை ஆயத்தமாகத் தரும் தளங்கள் பல உள. அவற்றுள் 2017 இல் தொடங்கிய ‘அன்ட்ரோ’ என்னும் தளத்தில் நிறத்தை மட்டும் மாற்றி இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். சிறு முயற்சியாளருக்கு அது பேருதவி, குறை கூறோம். ஆனால் பேக்கரிக்காரரும் பல் வைத்தியரும் ஒரே ஊதா மனிதனை வாசலில் நிறுத்தினால், அவன் யாருடைய ஆள்? எல்லோருக்கும் உரியவனாக வரையப்பட்டவன் ஈற்றில் ஒருவருக்கும் உரியவனாகாது போகின்றான். நம் பழைய மாணவருள் இத்தொழிலில் உள்ளோர் சிலர் இம்மலரை வாசிப்பர் என அறிவோம். வாடிக்கையாளர் ‘அதைப் போல ஒன்று’ எனக் கேட்கும்போது, எதற்காக என ஒரு முறை திருப்பிக் கேட்கும் துணிவு அவர்க்கு உண்டாயின் எமக்கு மகிழ்ச்சி.

மாணவனிடம் இவற்றை எல்லாம் இவ்வளவு நீளமாகக் கூறவில்லை. “அம்மம்மாவிடம் காட்டினாயா?” என்று மட்டுமே கேட்டோம். காட்டவில்லை என்றான். அடுத்த கிழமை வந்தபோது குளிசையின் கண்ணும் வாயும் போயிருந்தன. வெள்ளை வட்டம் ஒன்று, நடுவே கோடு. அருகே பாதி மஞ்சளும் பாதி சிவப்புமான கூட்டுக்குளிசை. அவருடைய போத்தல்களில் உள்ளவற்றைப் பார்த்தே வரைந்தானாம். முன்னைய படத்தைக் கண்டு “ஆர் மோனே இது?” எனக் கேட்ட அம்மம்மா, புதியதைக் கண்டதும், “இது காலமை போடுறது, மற்றது இரவைக்கு” என்றாராம். எழுத்து மட்டும் இன்னும் பெரிதாக வேண்டுமெனச் சொல்லிவிட்டாராம். அதனையே இப்போது திருத்திக்கொண்டிருக்கின்றான்.