மொகல் தெரு வட்டியும் சங்கிலி விதியும்

இந்த வார எபிசோடில் நியூரல் நெட்வொர்க் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று பேசினோம். 'செயின் ரூல்' என்ற சொல் நடுவில் நாலைந்து தடவை வந்து போச்சு. பள்ளியில் படிச்சதுதானே என்று கடந்துபோகாதீங்க. அதைப் படித்த விதத்தில்தான் எனக்குச் சண்டை.

நமக்கெல்லாம் அதை ஒரு சமையல் குறிப்பு மாதிரிதான் சொல்லித் தந்தார்கள். வெளியே இருப்பதை வகையிடு, உள்ளே இருப்பதைத் தொடாதே, அப்புறம் உள்ளே இருப்பதை வகையிட்டுப் பெருக்கு. மார்க் வரும். ஆனால் எதுக்குப் பெருக்கணும்? கூட்டினால் என்ன? கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். தமிழில் இதற்கு இருக்கும் 'சங்கிலி விதி' என்ற பெயரிலேயே பதில் இருக்கிறது. ஒரு கண்ணி அசைந்தால் அடுத்த கண்ணி எத்தனை மடங்கு அசையும், அது அசைந்தால் அதற்கடுத்தது எத்தனை மடங்கு? மடங்குக்கு மேல் மடங்கு என்றால் பெருக்கல்தான்.

எனக்குப் பிடித்த உதாரணம் யாங்கோனில், பபேடான் பகுதியில் இருக்கிறது. இன்றைக்கு ஷ்வே பொன்தா என்று சொல்கிற தெருவுக்கு அன்றைய பெயர் மொகல் தெரு. பிரிட்டிஷ் காலத்தில் ரங்கூன் செட்டியார்களின் வட்டிக்கடைகள் நெருக்கமாக இருந்த தெரு. அவர்கள் மாதந்தோறும் கூடி 'நடப்பு வட்டி'யை முடிவு செய்வார்கள். தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு அதுதான் அடிப்படை. அங்கிருந்து பணம் டெல்டா ஊர்களில் இருந்த கடைகளுக்குப் போகும். அந்தக் கடைகள் நேராக நெல் விவசாயிக்கும் கொடுக்கும், உள்ளூர் பர்மிய லேவாதேவிக்காரருக்கும் கொடுக்கும். அவர் இன்னும் கூட்டி விவசாயிக்குக் கொடுப்பார். ஆக, விவசாயியின் கடன் அவருடைய வட்டியைச் சார்ந்தது, அந்த வட்டி மொகல் தெரு வட்டியைச் சார்ந்தது. சார்புக்குள் சார்பு!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, விஷயம் புரிவதற்காக மட்டும். நடப்பு வட்டி 10 சதவீதம், விவசாயிக்கு அதன் இரட்டிப்பு, 20. கடன் 100 ரூபாய், கூட்டு வட்டி, 5 வருடம். 1.2-ஐ ஐந்து தடவை பெருக்கினால் கடன் சுமார் 249 ரூபாய். இப்போது மொகல் தெருவில் நடப்பு வட்டி ஒரு புள்ளி ஏறி 11 ஆகிறது. கடன் எவ்வளவு ஏறும்?

வெளிக் கண்ணி: விவசாயி வட்டி ஒரு புள்ளி ஏறினால், 5 × 1.2-இன் நாலாம் அடுக்கு, அதாவது சுமார் 10.37 ரூபாய். உள் கண்ணி: நடப்பு வட்டி ஒரு புள்ளி ஏறினால் விவசாயி வட்டி 2 புள்ளி. பெருக்கினால் 20.74. 22 சதவீதத்தில் நேராகவே கணக்குப் போட்டால் ஏற்றம் 21.44 வருகிறது. வகைக்கெழு தருவது அந்தப் புள்ளியின் வேகம் என்பதால் இந்தச் சின்ன வித்தியாசம்.

மாணவர்கள் செய்யும் இரண்டு தப்பும் இதில் தெரியும். உள்ளே இருக்கும் 2-ஐ மறந்தால் 10.37 தான். வெளிக் கண்ணியில் 1.2 போட வேண்டிய இடத்தில் 1.1 போட்டால் 14.64. பரீட்சைத் தாளில் அது இரண்டு மார்க். இங்கே, ஒருவர் தலையில் ஏறும் கடனைக் குறைத்துக் காட்டுவது.

அந்தக் கடன் வெறும் எண் இல்லை. 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938-இல் சுமார் 25 சதவீதம். முதல் காரணம் வட்டி இல்லை, விலைச் சரிவுதான். நிலம் பிடுங்கத் திட்டமிட்டார்கள் என்றும் நான் சொல்லவில்லை. அவர்களுக்கு வேண்டியது பணம், நிலம் இல்லை. ஆனாலும் பர்மாவிலிருந்து நடந்தே வந்த கதை, சொத்தை இழந்த கதை எல்லாம் நம் வீடுகளில் கேட்டிருப்போம். சங்கிலியின் மறுமுனையில் இருந்தவர் கதை அதிகம் வந்ததில்லை. அதையும் கேட்கணும் என்பது என் கட்சி.

ஏஐ செய்வதும் இந்தக் கேள்வியைத்தான். கடைசியில் வந்த தப்புக்கு எந்தக் கண்ணி எவ்வளவு பொறுப்பு என்று முனையிலிருந்து பின்னோக்கிப் பெருக்கிக்கொண்டே வருவது. பின்லாந்தின் செப்போ லின்னைன்மா 1970-இல் தன் முதுகலை ஆய்வேட்டில் இந்த முறையை எழுதினார். 1986-இல் ருமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் கட்டுரைக்குப் பிறகு நியூரல் நெட்வொர்க்கில் பரவலானது. பெருக்கல் என்பதால் ஒரு தொல்லையும் உண்டு. பழைய சிக்மாய்ட் சார்பின் சரிவு அதிகபட்சமே 0.25. பத்து அடுக்கில் அதை மட்டும் பெருக்கினால் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். முதல் அடுக்குகளுக்குச் செய்தியே வந்து சேராது.

மொகல் தெருக் கணக்கில் எதிர்ப்பக்கம். 5 வருடத்துக்குப் பதில் 10 வருடம் போட்டுப் பாருங்க. வெளிக் கண்ணி 51.6, உள் கண்ணி அதே 2. ரங்கூனில் ஒரே ஒரு புள்ளி ஏறினால் விவசாயிக்குக் கூடுதலாக 103 ரூபாய். அவர் வாங்கிய அசலே 100 தான்.