தேர்வு முடிவு வரும் காலையில்

மே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலை, மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் பத்தமடையிலும் நம் வீடுகள் எப்படியிருக்கும் என்பதை நாம் அறிவோம். மதிப்பெண் தெரிந்த மறுநிமிடமே உறவினர் அழைக்கத் தொடங்குவர். "எத்தனை மார்க்?" என்பதே முதல் கேள்வி, ஸலாம்கூட அதற்குப் பின்புதான். எதிர்பார்த்ததைவிட நாற்பது குறைந்துவிட்ட பிள்ளை மொட்டைமாடியில் தனியே நின்றுகொண்டிருக்கும்.

மாநில அளவில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டிலேயே கைவிட்டுவிட்டது. நம் மஹல்லாக்களில் அது ஒழியவில்லை. பரிசளிப்பு விழாவில் முதல் மூவர் மேடையேறுகின்றனர். மற்றவர்கள் கீழேயிருந்து கைதட்டுகின்றனர். பரிசு தவறென்று நாம் சொல்லவரவில்லை. பீடி சுற்றிப் படிக்கவைத்த உம்மாவுக்கு அந்த மேடை எத்தகைய நிறைவு என்பதைக் கண்டிருக்கிறோம். ஆனால் பள்ளி விட்டு வந்து, உம்மாவுக்குப் பீடி இலை வெட்டிக் கொடுத்துக்கொண்டே படித்துத் தேறிய பிள்ளையின் பெயரை எந்த மேடையில் வாசித்தோம்?

அனஸ் (ரலி) சிறுவராக வந்து பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார். அந்தப் பத்தாண்டுகளில் ஒருமுறைகூட 'சீ' என்ற சொல்லைத் தாம் கேட்டதில்லை என்றும், ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கடிந்துகொள்ளப்பட்டதில்லை என்றும் அவரே அறிவித்திருக்கிறார். நாமோ ஒரு வேளைச் சோறு உண்டு முடிப்பதற்குள் மூன்று முறை கேட்டுவிடுகிறோம்!

ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களும் நினைவுக்கு வருகிறார். போருக்கு வயது போதாதென்று திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர் அவர். பின்னர் யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி நபி (ஸல்) பணித்தபோது, ஏறத்தாழப் பதினைந்தே நாள்களில் கற்றுத் தேர்ந்தார். அபூபக்ர் (ரலி) காலத்தில் குர்ஆனை ஒன்றுதிரட்டும் பெரும்பொறுப்பும் அவரிடமே வந்தது. ஒரு வாசல் மூடியபோது அவரை எவரும் உதவாதவர் என்று ஒதுக்கவில்லை. நம் பேட்டையிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது. மோட்டாரைப் பிரித்து மாட்டத் தெரிந்த பிள்ளை அங்கே சேர்ந்தால், "படிப்பு வரவில்லை, அதனால்தான்" என்று அவன் காதுபடப் பேசுகிறோம். அவன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வான்?

தவறிய பாடத்திற்குத் துணைத்தேர்வு அதே ஆண்டில் உண்டு. ஆகவே அன்று வாப்பா செய்ய வேண்டியது பிள்ளையுடன் அமர்ந்து உண்பது. கணக்குக் கேட்பதை மறுநாளைக்கு ஒத்திவைக்கலாம். உறக்கமும் உணவும் பேச்சும் குறைந்துபோன பிள்ளையை ஈமான் குறைந்தவன் என்று ஏசாமல், 104 அல்லது 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். மருத்துவம் தேடுவதும் மார்க்கம் காட்டிய வழிதான்.

ஜமாஅத்தார்களிடம் ஒரு கோரிக்கை. இம்முறை தேர்ச்சி பெற்ற அனைவரின் பெயர்களையும் வாசியுங்கள். தவறியவர்களின் வீடுகளுக்கு அன்று மாலையே இமாமும் நிர்வாகிகளும் சென்று வாருங்கள். எந்த மஹல்லா இதைத் தொடங்கினாலும், இன்ஷா அல்லாஹ், உடன் நடக்க நாங்களும் வருகிறோம்.