சிறு மின்கலமும் சில்லின் தேர்வும்

களக்கருவிகளின் மின்கலத்தைக் காக்கும் நுண்கட்டுப்படுத்தியைத் தேர்வோர் பலர் அதன் வேகத்தையே முதலில் நோக்குகின்றனர். இது பிழையாகும். எட்டுக் கால்களும் 8 கிலோபைட் நிரல்நினைவும் உடைய அட்டைனி85 இவ்வேலைக்குத் தாராளமாகவே போதும். முழு உறக்கத்தில் அது ஈர்ப்பது சில மைக்ரோ ஆம்பியரே. ஆயின் அருகில் 7805 என்னும் பழைய சீராக்கியை அமைத்துவிட்டால் இச்சிக்கனம் அனைத்தும் வீண். வேலை ஏதுமின்றியே அது சுமார் 5 மில்லி ஆம்பியர் அருந்தும்; 2,000 மில்லி ஆம்பியர்-மணிக் கலவடுக்கும் பதினேழு நாளில் வற்றிப்போகும். ஒற்றை லித்தியம் கலம் தரும் 3 முதல் 4.2 வோல்ட்டில் இச்சில்லு நேரே இயங்குமாதலால் சீராக்கியே வேண்டுவதில்லை. கலம் அளவு மீறி வடிவதைத் தடுக்கும் பொறுப்பை மட்டும் நிரலிடம் ஒப்படைத்தல் தகாது. நிரல் உறைந்து நின்றால் சில்லு எதனையும் துண்டிக்காது. அதற்குத் தனிக் காப்புச்சுற்று அவசியம்.