முதல் பாம்பு

நாய் வாங்கிக் கொடுத்தாச்சு. லவ் பேர்ட்ஸ் வாங்கிக் கொடுத்தாச்சு. மீன் தொட்டியும் வைத்துப் பார்த்தாச்சு. இப்போது நம் ஊர்ப் பெற்றோர் சிலர் அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ‘பையன் ரொம்ப ஆசைப்படறான் சார். முதல்முதலா வளர்க்கிறதுக்கு எந்தப் பாம்பு நல்லது?’

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்கிறார்கள். விற்கிறவரிடம் பதிலும் தயாராக இருக்கிறது: பால் பைத்தான். பால் என்றதும் புற்றும் ஆடி மாசமும் ஞாபகத்துக்கு வர வேண்டாம். இது பந்து. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. நாலைந்து அடிக்கு மேல் போகாது. விஷம் கிடையாது. சாது. ‘குழந்தைங்க தாராளமா கையில வெச்சுக்கலாம் சார்!’

அவர் சொல்வதில் பொய் இல்லை. அதுதான் சிக்கலே.

இந்தக் கேள்வி தப்பே இல்லாத ஊர்கள் இருக்கின்றன. பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் விஷப்பாம்பு ஒரே ஒரு வகைதான். அது கடித்துக் கடைசியாக ஒருவர் இறந்தது 1975-ல். அங்கே ஒரு பையன் பாம்பு என்றால் சாது என்று நினைத்து வளர்ந்தால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது.

நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58 ஆயிரம். அதில் கால் பங்குக்கு மேல் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள். 2024-ல் தமிழக அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தகவல் தர வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது சும்மா இல்லை.

இதற்கும் வீட்டுக்குள் வளர்கிற வெளிநாட்டுப் பாம்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

கண்ணாடி விரியனைப் பார்த்திருக்கிறீர்களா? தடித்த உடம்பு. பழுப்பு நிறம். முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்ட வட்டத் திட்டுகள். ஆளைக் கண்டால் பெரும்பாலும் ஓடாது, கிடந்த இடத்திலேயே கிடக்கும். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்து அதைக் கையில் எடுத்துக் கடி வாங்கிய பெரியவர்களே உண்டு. பெரியவர்களுக்கே இந்த லட்சணம் என்றால், தினமும் சாயங்காலம் மலைப்பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு டி.வி. பார்க்கிற பத்து வயசுப் பிள்ளை, லீவில் தாத்தா ஊருக்குப் போய் வைக்கோல்போர் ஓரத்தில் அதைப் பார்த்தால் என்ன செய்யும்? யோசித்துப் பாருங்கள்.

‘வளர்த்தா பயம் போயிடும் சார்’ என்கிறார்கள். போகும். ஆனால் பழகியது எந்தப் பாம்போடு, பயம் போவது எந்தப் பாம்பின் மேல்?

அடுத்து, அந்தச் சாதுப் பாம்பு எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று விசாரியுங்கள். அதன் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. பெனின் நாட்டின் ஒய்டா நகரத்தில் அதற்குக் கோயிலே இருக்கிறது. அதே பெனினிலும் பக்கத்தில் டோகோவிலும் கானாவிலும், காட்டிலிருந்து முட்டைகளையும் சினைப்பாம்புகளையும் எடுத்து வந்து, குட்டி பொரிக்கவைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. பெட்டிக்குள் பாம்பு! நம் பையனின் ஆசைக்குப் பின்னால் இப்படியும் ஒரு பயணம் இருக்கிறது.

சட்டமும் இப்போது பழைய மாதிரி இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் கொண்டுவந்த திருத்தமும் 2024-ல் வந்த விதிகளும், பால் பைத்தான் மாதிரியான சர்வதேசப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருந்தால் பதிவு செய்யச் சொல்கின்றன. குட்டி போட்டாலும், செத்தாலும், கைமாறினாலும் தகவல் தர வேண்டும். ‘பேப்பர்லாம் பக்கா சார்’ என்று விற்கிறவர் சொன்னால் அந்தப் பேப்பரைக் கேட்டுப் பாருங்கள். சரி, உள்ளூர் சாரையை வளர்க்கலாமே என்றால், அது இன்னும் மோசம். நேராகக் கேஸ்தான்.

எல்லாம் சட்டப்படியே வாங்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். கொஞ்சம் வரவு செலவு பார்ப்போம். பி.காம். புத்தி, விடாது. விலை ஒருதரம் கொடுப்பது. தொட்டிக்குள் ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 26, 27 என்று வருஷம் பூரா வைத்திருப்பது தினச் செலவு. சாப்பாடு எலி. தோசை மாவுக்குப் பக்கத்தில், ஃப்ரீஸரில், எலி. வீட்டம்மாவிடம் கேட்டீர்களா? சில சமயம் மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும். அதற்கு வைத்தியம் தெரிந்த டாக்டர் உங்கள் ஊரில் யார்? ஆயுசு 20, 30 வருஷம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் 2020-ல் முட்டையிட்ட ஒரு பால் பைத்தானுக்கு 60 வயசுக்கு மேல்! பையன் காலேஜுக்குப் போவான், பெங்களூரில் வேலைக்குப் போவான், கல்யாணம் ஆகிப் போவான். பாம்பு போகாது. உங்களோடுதான் இருக்கும்.

வீட்டில் ஐந்து வயசுக்குக் கீழே குழந்தை இருந்தால் பாம்பு, ஓணான், ஆமை எதுவுமே வேண்டாம் என்று அமெரிக்கச் சுகாதாரத் துறையே சொல்கிறது. காரணம் சால்மோனெல்லா கிருமி.

பிள்ளைக்குப் பாம்பு மேல் ஆசை வருவது தப்பா? இல்லவே இல்லை. அது நல்ல ஆசை. புற்றில் பால் ஊற்றிவிட்டு, மறுநாள் கொல்லையில் சாரை வந்தால் கடப்பாரை எடுக்கிற நமக்குத்தான் அந்த ஆசை இல்லாமல் போய்விட்டது. பிள்ளை கேட்பது பாம்பைத் தெரிந்துகொள்ள. நாம் வாங்கித் தருவது ஒரு பொருளை.

கிண்டி பாம்புப் பண்ணைக்குக் கூட்டிப்போங்கள். வடநெம்மேலிக்குப் போங்கள். அங்கே 1978-ல் ஆரம்பித்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தைப் பாம்புகளிடமிருந்து எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்போடு பழகுவது என்றால் என்னவென்று பிள்ளைக்குச் சொல்ல, விற்பனைக்காரரைவிட அவர்களுக்குத் தகுதி அதிகம்.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நாலையும் பிள்ளை பார்த்த உடனே அடையாளம் சொல்ல வேண்டும். எந்தப் பாம்பையும் கையால் தொடக் கூடாது என்று தெரிய வேண்டும். கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், மந்திரிக்கப் போகாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரி என்று தெரிய வேண்டும். இதற்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். செலவு பஸ் டிக்கெட்டும் நுழைவுச் சீட்டும்தான்.

பிள்ளைக்கு முதல் பாம்பு எது நல்லது என்று கேட்டீர்களே? கண்ணாடி விரியன். பண்ணையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.