மை குடிக்கும் பெட்டி

வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்கும் நடந்திருக்கும். ராத்திரி பத்து மணி. பையனின் ப்ராஜெக்ட்டைக் காலையில் கொடுத்தாக வேண்டும். காகிதம் வெளியே வருகிறது. நேரு மாமா முகத்தில் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடு. சட்டையில் ரோஜா மஞ்சளாக இருக்கிறது. உடனே ‘ஹெட் க்ளீனிங்’ அமுக்குகிறீர்கள். சரியாகவில்லை. மறுபடி, மறுபடி. ஐந்தாவது தடவை ‘மை குறைவு’ என்று எச்சரிக்கை.

அந்த மை எங்கே போச்சு? பெட்டியின் அடிவயிற்றில் பஞ்சு மாதிரி ஒரு திண்டு இருக்கிறது, அதற்குள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மை. சில மாடல்களில் அந்தத் திண்டு நிரம்பியதாகக் கணக்கு வந்துவிட்டால் பிரிண்டர் ஸ்டிரைக்கே செய்துவிடும்.

நோய் சின்னது சார். மை பெரும்பாலும் தண்ணீர். அது வெளியே வரும் துளைகளோ தலைமுடியைவிட மெல்லியவை. லீவில் ஒரு மாசம் சும்மா விட்டால் மே மாத வெயிலில் காய்ந்து அடைக்கத்தானே செய்யும்?

முதலில் ‘நாசில் செக்’ பாருங்கள். கொஞ்சூண்டு மைதான் செலவு. கோடுகள் முழுசாக இருந்தால் அடைப்பு இல்லை. காகித செட்டிங்கையும் அலைன்மென்ட்டையும் கவனியுங்கள். விட்டுவிட்டு இருந்தால் க்ளீனிங் இரண்டு தடவை. அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். ராத்திரி அப்படியே விட்டுக் காலையில் பாருங்கள். ஊறி, தானே வழிவிடுவது உண்டு. கார்ட்ரிட்ஜிலேயே தலை ஒட்டியிருக்கும் ரகம் என்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த டிஷ்யூவில் துளைப் பக்கத்தை ஒரு நிமிஷம் ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது. செப்புப் புள்ளிகளில் ஈரம் படவும் கூடாது. வாரம் ஒரு கலர் பக்கம் அடித்து வந்தால் இந்த வைத்தியமே பெரும்பாலும் தேவைப்படாது.

இதைப் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் ஏன் போடுவதில்லை? பிரிண்டரை மலிவாகத் தந்துவிட்டு மையில் வசூலிப்பதுதானே வியாபாரம்! 2016 செப்டம்பரில் ஹெச்.பி.யின் பல இங்க்ஜெட்டுகள் திடீரென்று வேற்றுக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. முன்பே அனுப்பிய மென்பொருளில் புதைத்து வைத்த பூட்டு. கூச்சல் கிளம்பியதும் அதைத் திறக்க வழி கொடுத்தார்கள். பூட்டுப் போடும் பழக்கத்தை விடவில்லை. 2017-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லெக்ஸ்மார்க் வழக்கில், பொருளை விற்றதோடு அதன்மேல் பேட்டன்ட் உரிமை முடிந்தது என்றது. அது லேசர் டோனர் வழக்கு. அதனால் என்ன, நியாயம் ஒன்றுதானே?

இந்தோனேசியாக்காரர்கள் கெட்டிக்காரர்கள். பிரிண்டருக்கு வெளியே தாங்களாகவே டாங்க் கட்டி மை ஊற்றினார்கள். எப்சன் 2010-ல் அங்கேதான் டாங்க் பிரிண்டரை இறக்கியது. நம்மூர் ரீஃபில் கடைப் பையன் ஊசியை வைத்துக்கொண்டு செய்த அதே காரியம். இப்போது கம்பெனி பாட்டிலில்.

அடுத்த தடவை கடைக்குப் போனால் பிரிண்டர் விலையை அப்புறம் கேளுங்கள். மை ஒரு செட் என்ன விலை, அதில் எத்தனை பக்கம் வரும் என்று முதலில் கேளுங்கள். சேல்ஸ்மேன் மேனேஜரைக் கூப்பிடுவார். கூப்பிடட்டும், நின்று கேளுங்கள்.